முன்பல்லில் ரவையளவு சில்லு

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, லட்சுமணனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த காஸ் துணியின் நூல் ஒன்று அவருடைய பல்லில் மாட்டிக்கொண்டது. வசந்தா கையை நிறுத்தினாள். லேசாக இழுத்துப் பார்த்தாள். நூல் வராமல் அடம்பிடித்தது.

"சார், வாயத் தொறங்க. இன்னும் கொஞ்சம். பாட்டு கச்சேரில பாடறாப்பல தொறங்க."

பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தாள். மேல் வரிசையில், வலதுபக்க முன்பல்லின் கீழ் மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ரவையளவுதான். ரத்தம் இல்லை. ஈறு சிவக்கவில்லை. உதட்டில் காயமும் இல்லை. கையுறை மாட்டிய விரலால் தடவினால், விளிம்பு உடைந்த சாஸரைத் தொட்டதுபோல் சொரசொரத்தது.

"நேத்து இது இல்லியே சார்."

"எது?"

"பல்லுல சில்லு."

லட்சுமணன் வாயை மூடிக்கொண்டார். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகியும் அவருடைய பேச்சு கொஞ்சம் குழறத்தான் செய்தது. ஆனால் சமாளிப்பதற்குக் குழறல் ஒரு தடையே இல்லை. "தேய்மானம்மா. எழுபத்திநாலு வருசம் ஓடுன மெஷின்."

"தேய்மானம்னா ஒரே ராத்திரில தேயுமா? நேத்து காலைல இதே துணியாலதான் தொடச்சேன். வழுக்கிக்கினு போச்சு."

"துணி பழசா இருக்கும்."

"துணிக்கு ஒண்ணுமில்ல சார். நீங்க பேச்ச மாத்தாதீங்க."

அவர் பேப்பரை எடுத்து இடதுகையால் விரித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

லட்சுமணன் கோவில்பட்டிக்காரர். இருபத்திரண்டு வயதில் ஆவடிக்கு வந்து, டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, பிறகு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்றவர். ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் அது தேறுமா, திரும்ப வேலை செய்ய வேண்டுமா, குப்பைக்குப் போக வேண்டுமா என்று சொல்வதுதான் அவர் வேலை. குவார்ட்டர்ஸில் இருபது வருடம் இருந்துவிட்டு, பருத்திப்பட்டில் மனை வாங்கி வீடு கட்டினார். மனைவி இல்லை. மகள் வித்யா கூடவே இருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறாள். அவள் கணவர் கப்பலில் வேலை செய்பவர். ஆறு மாதம் கடலில், ஆறு மாதம் வீட்டில். வித்யா வேலைக்குப் போகிற பகல் முழுவதும் லட்சுமணனைப் பார்த்துக்கொள்ளத்தான் வசந்தா வருகிறாள்.

வசந்தாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. திருமழிசை அவள் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். புருஷன் வீட்டில் கீரையும் நெல்லும் போட்ட நிலத்தில் பாதி ரோட்டுக்குப் போன பிறகு, எஸ்டேட்டில் போல்ட் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போனாள். நாற்பத்துமூன்று வயதில் மாமியார் படுக்கையில் விழுந்தபோதுதான் தனக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று கண்டுபிடித்தாள். அடுத்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய வேலையை அவள் பருப்புக் கடைவதுபோலச் செய்து முடித்தாள். மாமியார் போனதும் பூந்தமல்லியில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். வகுப்பில் அவள்தான் மூத்தவள். சின்னப் பெண்கள் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அவள்தான்.

பதினாலு வருடத்தில் இருபத்தாறு பேரைப் பார்த்திருக்கிறாள். ஒருவர் பெயரையும் மறக்கவில்லை. யாருக்காகவும் உட்கார்ந்து அழுததில்லை. அழுகிற நேரத்தில் படுக்கை விரிப்பை மாற்றலாம் என்பது அவள் கட்சி.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒன்றை மட்டும் அவள் வேதம்போல வைத்துக்கொண்டிருந்தாள். நோயாளியின் உடம்பில் புதிதாக எதைக் கண்டாலும் அன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும். கண்டதை எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது.

நோட்டைத் திறந்தாள். பேனா ஒரு நிமிடம் தாளுக்கு மேலேயே நின்றது. அவளுக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த பெண், லட்சுமணன் கட்டிலிலிருந்து விழுந்ததை மறைத்துவிட்டாள். இடுப்பில் நீலம் பாரித்து, நான்காவது நாள்தான் வித்யா பார்த்தாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற மனிதர், விழுந்தால் விளையாட்டில்லை. அதிலிருந்து வித்யா ஒவ்வொரு நாளும் நோட்டை வரிவரியாகப் படிக்கிறாள். பல்லில் சில்லு என்று பார்த்தால் அவள் என்ன நினைப்பாள் என்பது வசந்தாவுக்குத் தெரியும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் தெரியும். ரவைதானே.

எழுதினாள். "8.40. மேல் முன்பல், வலது, கீழ் மூலையில் சிறு சில்லு. வீக்கம், ரத்தம் இல்லை. நேற்றுக் காலை இது இல்லை. காரணம் தெரியவில்லை."

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வந்த வித்யா, கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அதைப் படித்தாள். அப்பாவை விளக்கடியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள்.

"எங்கப்பா விழுந்தீங்க?"

"விழலம்மா."

"பல்லு தானா உடையுமா?"

"தேய்மானம்."

வித்யா வசந்தா பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் மோசம். "அக்கா, நேத்து நீங்க அப்பாவ எவ்ளோ நேரம் தனியா விட்டீங்க?"

"மத்தியானம் துணி காயப்போட மாடிக்குப் போனேன். அரை மணி நேரம். தெனமும் போறதுதான். வர்றப்போ சாரு நாற்காலிலதான் குந்திக்கினு இருந்தாரு. மேல அழுக்கு இல்ல, அடி இல்ல."

"விழுந்து அவரே எழுந்து உக்காந்திருக்கலாம் இல்ல?"

"எழுந்திருக்கலாம். ஆனா விழுந்திருந்தா மொதல்ல ஒதடு கிழிஞ்சிருக்கும். பல்லு ஆடும். மூக்கு, முட்டி எதாவது செவந்திருக்கும். ஒண்ணுமே இல்லியே வித்யாம்மா."

"அப்ப எப்படி?"

"தெரியல. தெரியலன்னுதான் எழுதிக்கீறேன்."

வித்யா நோட்டை மூடினாள். வாசலுக்குப் போய் மூன்று போன் பேசிவிட்டு வந்தாள். "நாளைக்குப் பத்தரைக்கு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நான் லீவு போட்டுட்டேன். நீங்களும் வாங்க. ஆனா வியாழக்கிழமைலேர்ந்து..." நிறுத்தினாள். "கோச்சுக்காதீங்கக்கா. ஏஜென்சில வேற ஆள் கேட்டிருக்கேன். தெரியலங்கறத வெச்சுட்டு என்னால ஆபீஸ்ல உக்காந்திருக்க முடியாது."

லட்சுமணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. வசந்தா அதைப் பார்த்தாள். சரி என்று தலையசைத்துவிட்டு, ராத்திரி மாத்திரையை எடுத்துவைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். பூந்தமல்லி வரும்வரைக்கும் அவளுக்குக் கோபம் வேலையை நினைத்து வரவில்லை. பதினாலு வருடத்தில் தன் கண்ணுக்குத் தப்பி ஒரு நோயாளியின் உடம்பில் ஏதோ நடந்துவிட்டதே என்றுதான் வந்தது. திருமழிசை பஸ்ஸில் ஏறிய பிறகு வேலையை நினைத்தும் வந்தது.

மறுநாள் காலை அவள் கேட்டைத் திறக்கும்போது, பக்கத்து வீட்டு எல்லம்மா தள்ளுவண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் இட்லி, பூரி போடுகிறவள்.

"யக்கா! சாராண்ட சொல்லு, சட்னி ஜாரு சும்மா பிச்சிக்கினு ஓடுது. தேங்கா போட்டா வெண்ணெயா வருது."

"இன்னா ஜாரு?"

எல்லம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தாள்.

"எல்லம்மா, நில்லு. எந்த ஜாரு?"

"அய்யோ யக்கா, சாரு யாராண்டயும் சொல்லாதன்னாரு. மிக்ஸி ஜாருக்கா. அடில சுத்தற கப்ளரு பூடுச்சி. கடைல குடுத்தா மூணு நாளு இழுத்தடிப்பான். சாரு பின்னாடி ஜன்னல் வழியா வாங்கிக்கினு, நீ மாடிக்குப் போய் எறங்கறதுக்குள்ள முடிச்சிக் குடுத்துட்டாரு."

"என்னிக்கி?"

"திங்கக்கெழம."

"ஒரு கையி வராத மனுசன் ஜார எப்டிக் கழட்டுவாரு?"

"அது இன்னா பெரிய விசயம்? வராத கையால ஜார மடியோட அழுத்திக்கினாரு. இந்தக் கையில ஸ்க்ரூ டிரைவரு. ஸ்க்ரூவ..." எல்லம்மா தன் முன்பற்களை லேசாகக் கடித்துக் காட்டினாள். "ஃபிட்டருங்கோ எல்லாம் அப்டித்தானக்கா? வாய்தான் அவுங்களுக்கு மூணாங்கையி."

வசந்தா கண்ணை மூடித் திறந்தாள். "இது மொத ஜாரா?"

"இந்த மாசத்துலயா கேக்கற?"

அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனாள். வித்யா குளித்துக்கொண்டிருந்தாள். வசந்தா நாற்காலியை லட்சுமணனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கப்ளரு மாத்தினீங்களாமே."

லட்சுமணன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு பாத்ரூம் கதவைப் பார்த்தார். "வித்யாட்ட சொல்லிராதீங்கம்மா. டூல்ஸ் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிருக்கா. தெரிஞ்சா பெட்டியத் தூக்கி எடைக்குப் போட்ருவா. ஜெர்மன் ஸ்பானர்லாம் இருக்கு."

"ஸ்பானரு இருக்கட்டும். ஸ்க்ரூவ எங்க வெச்சீங்க?"

"லேசா நழுவிருச்சு. பல்லு வெச்சுப் பிடிச்சேன். அவ்ளோதான்."

"நழுவிச்சா?" வசந்தாவின் குரல் எழும்பியது, பாத்ரூம் ஞாபகம் வந்து அடங்கியது. "சார், தண்ணி குடிச்சாலே ஒங்களுக்குப் பொற ஏறுது. கஞ்சியக் கெட்டியா கலக்கித்தான் குடுக்கறேன். அந்த ஸ்க்ரூ முன்னால நழுவாம பின்னால நழுவியிருந்தா? பல்லு போனா போவுது. மூச்சுக்கொழாய்ல போயிருந்தா நான் மாடிலேர்ந்து எறங்கி வர்றதுக்குள்ள நீங்க இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சி போயிருப்பீங்க."

லட்சுமணனுக்கு அது உறைத்தது. முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்தவருக்கு, தன் தப்பை இன்னொருவர் கண்டுபிடிப்பது பழக்கமில்லை. குனிந்து மடியைப் பார்த்தார். மடியில் வலதுகை கிடந்தது. அதன் விரல்கள் துண்டின் நுனியைப் பிடித்திருந்தன.

வசந்தாவும் அந்த விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு வேறொன்று நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவளே எழுதியிருந்தாள்: "வலதுகைப் பிடி தேறியுள்ளது. ரப்பர் பந்துப் பயிற்சியின் பலன்." பிசியோதெரபிக்காரர் கொடுத்த மஞ்சள் பந்து அது. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். பந்து மூலையில் கிடந்தது. அதன்மேல் ஒரு விரற்கடை தூசி.

"இத என்னிக்காவது அமுக்கினீங்களா?"

"குழந்த வெளையாடுறது அது. எதுக்குன்னு அமுக்குறது?"

கண்டதை விட்டுவிட்டு நினைத்ததை எழுதியிருக்கிறாள். பதினாலு வருடத்தில் முதல் தடவை. தன்மேல் வந்த எரிச்சலில் அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. பந்தை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தாள்.

"இத பாருங்க சார். பத்தரைக்கு டாக்டரு. அதுக்குள்ள நீங்களே வித்யாம்மாவாண்ட சொல்லிடணும். இல்லாட்டி நான் நோட்டுல எழுதுவேன். எல்லம்மா சொன்னது, பந்து கெடந்த எடம், அத்தினியும்."

"உங்க வேலைக்காக என் பெட்டியப் போடச் சொல்றீங்க."

"என் வேலைக்காவுந்தான் சொல்றேன். இல்லன்னு சொன்னா அது பொய்யி. ஆனா வேல நாளைக்கி வேற ஊட்ல கெடைக்கும். வியாழக்கெழம புதுசா வர்றவளுக்கு நீங்க ஸ்க்ரூ கடிக்கிறது தெரியாது. அவளும் துணி காயப்போட மாடிக்குத்தான் போவா."

குளியலறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து காபி போடப் போனாள்.

காலைச் சாப்பாட்டின்போது லட்சுமணன் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறும்போதும் சொல்லவில்லை. ஆவடி மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ பத்து நிமிடம் நின்றது. அப்போதும் அவர் எதிரே நின்ற லாரியின் சக்கரத்தில் எத்தனை நட்டுகள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். வசந்தா மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

பல் டாக்டர் சௌம்யாவுக்கு முப்பது வயதிருக்கும். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பல்லை ஆட்டிப் பார்த்தார். உதட்டை மடித்துப் பார்த்தார்.

"விழுந்த மாதிரி தெரியலியே மேடம்," என்றார் வித்யாவிடம். "எனாமல் மட்டும்தான் சில்லு விட்டிருக்கு. பல்லோட வெளிப்பூச்சு அது. உள்ள ஒண்ணும் ஆகல. ஆனா இந்தப் பல்லோட நுனில பழைய கீறல் நெறைய இருக்கு, வரிவரியா. சார், நீங்க என்ன வேல பாத்தீங்க? ஆணி கீணி எதையாவது பல்லுல கடிக்கிற வழக்கம் உண்டா?"

வசந்தா பேனா மூடியைத் திறந்தாள். இந்தத் தடவை மூடவில்லை.

"டாக்டரம்மா," என்றார் லட்சுமணன், மல்லாந்தபடியே. "இதோட அளவு எவ்ளோ?"

"ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது."

"ரிஜெக்டா, ரிவொர்க்கா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "ரிவொர்க்தான் சார். வெளிம்ப லேசா தேய்ச்சு, கொஞ்சம் பல் நெறத்துல பூசிவிட்டா போதும். பத்து நிமிஷம்."

"அப்ப காரணம் எழுதிக்கிடுங்க. மெட்டீரியல்ல குத்தமில்ல. ஆபரேட்டர் மேல குத்தம். ஸ்க்ரூவ வாயில வெச்சிருந்தேன்."

வித்யா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "என்ன ஸ்க்ரூ? எங்க ஸ்க்ரூ? அப்பா!"

"எல்லம்மா ஜாரு."

"ஒரு ஜாருக்காகவா பல்ல ஒடச்சுக்கிட்டீங்க?"

லட்சுமணன் கூரையைப் பார்த்தார். "ஒரு ஜாருன்னு யாரு சொன்னா?"

"எத்தனப்பா?"

"பதினொண்ணு. ஒரு டேபிள் ஃபேன். தெருக்கோடி பஸ் டெப்போ டிரைவர் வீட்டுக் குக்கர் கைப்பிடி."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுவதுபோல இழுப்பறையைத் திறந்தார். அவர் தோள் குலுங்கியது.

வித்யாவின் கண் கலங்கிவிட்டது, கோபத்திலா பயத்திலா என்று அவளுக்கே தெரியாது. "தொண்டைக்குள்ள போயிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

"வசந்தாம்மா காலைலயே சொல்லிட்டாங்க. ரொம்ப மரியாதையா சொன்னாங்க," என்றார் அவர். பிறகு இடதுகையை நீட்டி, "அந்த நோட்ட இங்க குடுங்க" என்றார்.

வசந்தா கொடுத்தாள். அவர் நாற்காலியை நிமிர்த்தச் சொன்னார். நோட்டை இடதுகையால் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேனாவை வலதுகையில் வாங்கினார். எட்டு மாதமாக அந்தக் கை பேனா பிடித்ததில்லை. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு வரி எழுத ஐந்து நிமிடமானது. எழுதியது இதுதான்: "சில்லுக்குக் காரணம் நானே. உதவியாளர் பொறுப்பல்ல." கீழே கையெழுத்து, தேதி. தேதியில் மட்டும் வருடம் தப்பு.

வித்யா எழுத்தைப் படிக்கவில்லை. எழுதிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்துல வந்ததில்ல இது," என்றாள் வசந்தா. "பந்து கட்டிலுக்கடில தூங்குது. ஜார அமுக்கி அமுக்கி வந்த பிடி. நான் தப்பா எழுதிட்டேன். இன்னிக்கி அடிச்சித் திருத்தறேன். பொட்டிய எடைக்குப் போட்டீங்கன்னா இந்தக் கையி மறுபடி மடிலதான் கெடக்கும் வித்யாம்மா. ஆனா தனியா வேல செய்யக் கூடாது. சாப்பாட்டு மேசைல ஒக்காரணும், எதிர்ல நான் ஒக்காரணும். கழட்டின ஸ்க்ரூ தட்டுக்குப் போவணும். வாய்க்குள்ள சோறும் மாத்திரையும் மட்டும்தான்."

"தட்டு எட்டாதே," என்றார் லட்சுமணன்.

"எட்டற தூரத்துல வெக்கறேன் சார்."

டாக்டர் பல்லைத் தேய்த்துப் பூசி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லட்சுமணன் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் விளிம்பைத் தடவினார். "ஃபினிஷிங் பரவாயில்ல," என்று சான்றிதழ் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வித்யா ஏஜென்சிக்குப் போன் செய்தாள். ஆள் மாற்ற வேண்டாம், பழைய அக்காவே வரட்டும் என்றாள். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அவள் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு வசந்தாவின் பக்கம் திரும்பினாள். "ஸாரிக்கா. நேத்து நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"பரவால்ல. எங்கப்பாவா இருந்தா நானும் அப்டித்தான் கேட்டிருப்பேன். போன்ல இன்னா சொன்னாங்க?"

"புது ஆள வீட்டப் பாத்துட்டு வரச் சொல்லி இன்னிக்கே அனுப்பிட்டாங்களாம்."

ஆட்டோ பருத்திப்பட்டுத் தெருவில் திரும்பும்போது, கேட்டுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், முகமெல்லாம் வியர்வை. பெயர் சுரேகா, ஐயப்பன்தாங்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரமாக நிற்கிறாள்.

வித்யாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வசந்தாவுக்குத் தெரிந்தது. "உள்ள வாம்மா. மொதல்ல ஃபேனடில குந்து. தோச சுடறேன். வேல இல்லன்னு சொல்றதுன்னாலும் வெறும் வயித்துலயா கேப்ப?"

சுரேகா இரண்டு தோசை சாப்பிட்டாள். வேலை எப்படி வந்து எப்படிப் போனது என்பதை வசந்தா சட்னி ஊற்றிக்கொண்டே சொல்லி முடித்தாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுரேகா சிரித்த சிரிப்பில் அவளுக்கே புரை ஏறியது. வித்யா அவளுடைய போன் நம்பரை எழுதிக்கொண்டாள். வசந்தா ஊருக்குப் போகிற நாளுக்கு ஆள் வேண்டும் அல்லவா.

கையைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது சுரேகா வாசலில் தயங்கினாள். நாற்காலியில் இருந்த லட்சுமணனைப் பார்த்தாள், பிறகு வசந்தாவை.

"யக்கா, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காத. எங்க ஊட்லயும் ஒரு மிக்ஸி கீது. பெரிய ஜாரு. ஆறு மாசமா அடில ஒழுகுது."

லட்சுமணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடில இருக்குற புஷ் போயிருக்கும். என்ன மாடல்?"

"சார்," என்றாள் வசந்தா.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"கொண்டாம்மா," என்றாள் வசந்தா சுரேகாவிடம். "மத்தியானம் துணி காயப்போட்டுட்டு நான் கீழ எறங்கின பொறவு கொண்டா."